பெரியப்பாவின் கால் டாலர்கள்: எது அரிது, எது வெறும் வெள்ளி?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்து, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய கணவரின் பெரியப்பா 1962-ல் படிக்க அமெரிக்கா வந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் நியூ ஜெர்சியில் இவர்கள் வீட்டருகே குடியிருந்து, ஐந்து மாதங்களுக்கு முன் காலமானார். உயிலில் தன் நாணயங்களைத் தம்பி மகனுக்கு எழுதி வைத்திருக்கிறார். மாணவராக இருந்தபோது சலவை இயந்திரத்துக்காக மாற்றி வைத்த சில்லறையிலிருந்து பொறுக்கியெடுத்த வெள்ளிக் கால் டாலர்கள் (குவார்ட்டர்கள்), நாணயத்துக்கு ஒரு துளை வைத்த நீல அட்டை மடிப்பில் இருக்கின்றன. 1932-எஸ் ஒன்று உண்டு (எழுத்து, அச்சடித்த ஊரைக் குறிக்கும்: எஸ் சான் பிரான்சிஸ்கோ, டி டென்வர்). 1932-டி உட்படச் சில துளைகள் காலி. 1964-ம் ஆண்டு நாணயங்கள் கொண்ட பிரிக்காத இரண்டு வங்கி ரோல்கள் இருக்கின்றன. பிற்காலத்தில் வாங்கிய 1944-எஸ் ஒன்று, பிசிஜிஎஸ் என்ற தரச்சான்று நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறையில் 'எம்எஸ் 67' என்ற சீட்டோடு இருக்கிறது (எம்எஸ் என்றால் புழங்காதது, எண் 70-க்கு எத்தனை என்ற தரம்). இவை தவிர மெல்லிய பிளாஸ்டிக் பைகளில் சில.

இனிதான் சிக்கல். பூஜைச் சாமான் தேய்த்த கையோடு மாமியார் இரண்டு நாணயங்களை விபூதி போட்டுத் தேய்த்துவிட்டார். பளிச்சென்று ஆனதைப் பார்த்த கணவர், எல்லாவற்றையும் அப்படித் தேய்த்துத் தரச்சான்றுக்கு அனுப்பலாம் என்கிறார். இதற்கிடையே தொலைபேசியில் ஒரு விற்பனையாளர், 1950-களின் டென்வர் குவார்ட்டர் ஒன்று எம்எஸ் 67 பிளஸ் தரத்தில் இருப்பதாகவும், அதற்கு மேல் தரத்தில் உலகில் ஒன்றுகூட இல்லை என்றும் சொல்லி 14,500 டாலர் கேட்கிறார். கணவர் 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து கடன் எடுத்து வாங்கத் தயார். 'எது நிஜமாகவே அரிது? இவரைத் தடுப்பதா, விட்டுவிடுவதா?' என்று கேட்கிறார் வாசகி.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் இரண்டு வேலைகளை நிறுத்துங்கள்: தேய்ப்பதையும், 401கே விண்ணப்பத்தையும். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம். நான் நாணய மதிப்பீட்டாளன். வரி பற்றிப் பின்னால் சொல்வதை உங்கள் கணக்காளரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கணவர் ஒரு விஷயத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறார். உச்சத் தரத்தில் உள்ள பழைய வெள்ளிக் குவார்ட்டர்கள் உண்மையிலேயே கிடைப்பதில்லை. ஆனால் 'பழசு, வெள்ளி, ஆகவே அரிது' என்று அவர் போடும் கணக்குதான் தவறு. 1964-ம் ஆண்டு தேதியிட்ட குவார்ட்டர்கள் டென்வரில் மட்டும் 70 கோடிக்கு மேல், ஃபிலடெல்பியாவில் 56 கோடிக்கு மேல் அச்சடிக்கப்பட்டன. 1965-ல் சட்டம் மாறி, வெள்ளி போய், செம்பு-நிக்கல் வந்தது. உடனே ஊரே வெள்ளிக் காசைப் பதுக்க ஆரம்பித்தது. 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது மூட்டை மூட்டையாக உருக்கப் போயின. அப்படியும் மீந்தவை ஏராளம். தேய்ந்த 1964 ஒன்றுக்கு இன்றும் வெள்ளி விலைதான்.

அரிது என்பது எங்கிருந்து வருகிறது

வாஷிங்டன் குவார்ட்டர், ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த 200-வது ஆண்டையொட்டி 1932-ல் வந்தது. வடிவமைத்தவர் ஜான் ஃப்ளானகன். (கலை ஆணையம் பரிந்துரைத்தது லாரா கார்டின் ஃப்ரேசரின் வடிவத்தை, கருவூலத்தில் கேட்கவில்லை. ஃப்ரேசரின் அந்த வாஷிங்டன் முகம் 2022 முதல் 2025 வரை குவார்ட்டர்களில் வந்தது. என் கண்ணுக்கு அதுதான் அழகு.) முதல் ஆண்டில் டென்வர் அச்சடித்தது 4,36,800, சான் பிரான்சிஸ்கோ 4,08,000. எண்ணிக்கையில் குறைவு எஸ்தான். ஆனால் புழங்காத நிலையில் தேடினால் டி-யைத்தான் அதிகம் தேட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, 1936-டி. 53 லட்சத்துக்கு மேல் அச்சடித்தார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் சாதாரண ஆண்டு. ஆனால் புதுக் கருக்கு மாறாத ஒன்றை வாங்கப் போனால் பையைத் தடவிப் பார்க்க வேண்டும். காரணம் பொருளாதார மந்தம். 1932-ல் புது வடிவம் என்று கொஞ்சம் பேர் எடுத்து வைத்தார்கள். 1936-ல் 25 சென்ட் என்பது ஒரு வேளைச் சாப்பாடு. அதை யார் எடுத்து வைப்பார்கள்? கையில் வந்தது கைமாறிப் போனது. இதற்கு நேர்மாறாக 1940-களில் ரோல் ரோலாக எடுத்து வைக்கும் பழக்கம் பரவிவிட்டது. அதனால் உங்கள் பெரியவரின் 1944-எஸ் மாதிரியானவை எம்எஸ் 67-ல்கூட அவ்வப்போது ஏலத்துக்கு வந்தபடியே இருக்கின்றன. நல்ல நாணயம்தான், தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறார். ஆனால் அதை வைத்து வீடு வாங்க முடியாது.

சரி, யாரும் தொடாத நாணயத்தில் கீறல் எப்படி வருகிறது? அச்சு இயந்திரத்திலிருந்து வெளியே விழும்போதே அது முன்பு விழுந்தவற்றின் மேல் விழுகிறது. அப்புறம் எண்ணும் இயந்திரம், கான்வாஸ் மூட்டை. ஒரு மூட்டை 1,000 டாலர், அதாவது 4,000 குவார்ட்டர், 25 கிலோ. அந்த மூட்டையை லாரியில் தூக்கிப் போட்டு, வங்கியில் இறக்கி, மறுபடி எண்ணி, காகிதத்தில் ரோலாகச் சுற்றுகிறார்கள். இத்தனைக்கும் நடுவே வாஷிங்டனின் கன்னமும், முகத்துக்கு முன்னால் உள்ள வெற்றிடமும் மேடு பள்ளம் அதிகமில்லாத, வழவழப்பான பரப்புகள். பக்கத்து நாணயத்தின் விளிம்பு பட்ட ஒரு சின்னத் தழும்பும் அங்கே கண்ணில் குத்தும். அதே தழும்பு தலைமுடியின் சுருளுக்குள் விழுந்திருந்தால் யாருக்கும் தெரியாது. ஆக, கோடிக்கணக்கில் அடித்த ஆண்டுக்கும் கன்னம் சுத்தமான நாணயம் சொற்பமாகவே இருக்கும். அரிது என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

வீட்டிலேயே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். மேலே உள்ள விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, மேசை விளக்கு ஒன்றின் கீழ், நாணயத்தை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். உயிரோடு இருக்கும் பரப்பில் ஒளிக்கீற்று ஒன்று நடுவிலிருந்து விளிம்பு வரை சுழன்று வரும். அந்தக் கீற்று எங்கே அறுபடுகிறதோ அங்கே தழும்பு, அல்லது யாரோ துடைத்த இடம்.

விபூதி, பற்பசை, புளி

மாமியாரைக் கடிந்துகொள்ளாதீர்கள். வெள்ளிக் குத்துவிளக்குக்கு விபூதி நல்ல வைத்தியம். நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். நாணயத்துக்கு மட்டும் ஆகாது. எவ்வளவு சன்னமான பொடியும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கோடுகளை விட்டுச் செல்லும். பரப்பின் மேல் இருந்த அச்சுப் பளபளப்பு அத்தோடு போச்சு, திரும்ப வராது. தரச்சான்று நிறுவனம் அதற்கு எண் தராது, 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதித் தரும். சந்தையில் அது கறுப்பு முத்திரை மாதிரி. கடையில் விற்கும் வெள்ளி டிப் திரவமும் வேண்டாம். அது கறுப்பை எடுக்கும்போது மேல்பரப்பையும் சேர்த்துக் கொஞ்சம் கரைத்துவிடுகிறது. ஓரிரு முறைக்குப் பின் நாணயம் செத்துப்போன வெள்ளையாக நிற்கும்.

பழைய வெள்ளியில் படியும் பழுப்பும் நீலமும் அழுக்கு அல்ல. அந்த இயற்கையான நிறத்துக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. மாமியார் தேய்த்த இரண்டும் அட்டை மடிப்பிலிருந்த தேய்ந்த நாணயங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளை, 1932-எஸ் அகப்படவில்லை. அவற்றின் வெள்ளி விலை அப்படியேதான் இருக்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு: மெல்லிய பிளாஸ்டிக் பைகளில் உள்ளவற்றில் பச்சைப் பிசுபிசுப்பு தெரிகிறதா பாருங்கள். அது பிவிசி பையிலிருந்து கசிவது, விட்டுவைத்தால் உலோகத்தை அரிக்கும். முதலில் பையை மாற்றுங்கள். பிசுக்கை, நாணயங்களைச் சேதமின்றிச் சுத்தம் செய்து தரும் சேவையிடம் கொடுத்து எடுப்பது நல்லது. நீங்களே துடைக்க வேண்டாம்.

எதை அனுப்புவது, எதை விடுவது

எல்லாவற்றையும் தரச்சான்றுக்கு அனுப்பினால் லாபம் அந்த நிறுவனத்துக்குத்தான். கட்டணம், காப்பீட்டோடு கூடிய தபால் எல்லாம் சேர்த்தால், சாதாரண ஆண்டின் எம்எஸ் 64 நாணயத்துக்கு ஆகும் செலவே அதன் விலையைத் தாண்டிவிடும். அட்டை மடிப்பில் உள்ளவை தெருவில் புழங்கியவை. பெரும்பாலும் வெள்ளி விலைக்கே போகும். கடைக்காரர்கள் கணக்கு இது: ஒரு டாலர் முகமதிப்புக்கு, அதாவது நான்கு குவார்ட்டருக்கு, 0.715 ட்ராய் அவுன்ஸ் வெள்ளி. புதிதாக அச்சடித்தபோது 0.723 இருந்தது, தேய்மானத்துக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்கிறார்கள். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிவிட்டுக் கடைக்குப் போங்கள். அதில் சிறு கழிவு கேட்பது நியாயம், பாதி கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அனுப்ப வேண்டியது 1932-எஸ். தேய்ந்த நிலையிலும் அது வெள்ளி விலையைப் போலப் பல மடங்கு பெறும். அதனாலேயே போலியும் உண்டு: சாதாரண ஃபிலடெல்பியா நாணயத்தில் 'எஸ்' எழுத்தை ஒட்டிவிடுவார்கள். பின்பக்கம், கழுகின் கீழே இலைக்கொத்துக்கு அடியில் பாருங்கள். எழுத்து தளத்தோடு சேர்ந்தே எழும்பியிருக்க வேண்டும். சுற்றிலும் கோடோ, ஒட்டியதுபோல் நிறமாற்றமோ தெரியக்கூடாது. பெரியவர் சில்லறையிலிருந்து எடுத்தது என்பதால் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. ஆனாலும் வாங்குபவருக்கு அந்தக் கதை போதாது, சான்று வேண்டும்.

1964 ரோல்களைப் பற்றிக் கணவரின் கனவை நான் முழுதாகக் கலைக்க மாட்டேன். ஒரு ரோலில் 40 நாணயம், ஏழு அவுன்ஸுக்குச் சற்று மேல் வெள்ளி. பெரும்பாலானவை எம்எஸ் 63, 64 அளவில்தான் இருக்கும். நான் மேலே சொன்ன மூட்டைப் பயணம் அவற்றுக்கும் நடந்திருக்கிறது. பிரிக்காத வங்கி ரோலுக்கு, 'உள்ளே என்ன இருக்குமோ' என்ற ஆசைக்காகவே கொஞ்சம் கூடுதல் தருவார்கள். நானாக இருந்தால் ஒன்றைப் பிரித்து, மெத்தென்ற துணிமேல் வைத்து, விளிம்பைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். மற்றதை அப்படியே விற்பேன். பிரித்ததில் கன்னமும் கழுகின் மார்பும் சுத்தமாக ஒன்றோ இரண்டோ தேறினால் அவற்றை மட்டும் அனுப்பலாம். ஒன்றும் தேறாவிட்டாலும் ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை.

'டாப் பாப்' என்ற மந்திரம்

இப்போது அந்த 14,500 டாலர். பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற தரச்சான்று நிறுவனங்கள் இரண்டும் தாங்கள் தரம்பிரித்த நாணயங்களின் எண்ணிக்கையை வெளியிடுகின்றன. அதில் ஒரு ஆண்டின் உச்சத் தரத்தில் இருப்பதை வியாபாரத்தில் 'டாப் பாப்' என்பார்கள். விற்பனையாளர் சொன்னது அந்தப் பட்டியல்படி இன்றைக்கு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியல் எண்ணுவது இதுவரை அனுப்பப்பட்ட நாணயங்களை. எத்தனையோ ரோல்கள் உங்கள் வீட்டில் இருப்பதைப் போல அலமாரியில் தூங்குகின்றன. சாதாரண ஆண்டுகளை அனுப்ப யாரும் மெனக்கெடுவதில்லை. விலை ஏறியது தெரிந்தால் அனுப்புவார்கள், எண்ணிக்கை கூடும்.

இரண்டாவது, தரம் என்பது ஓர் அபிப்பிராயம். 1 முதல் 70 வரையிலான அளவுகோலில், 60-ம் அதற்கு மேலும் எல்லாமே புழங்காதவை. 67-க்கும் 67 பிளஸுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பழகிய இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக ஒருவரே சொல்லவும் கூடும். 'பிளஸ்' என்ற பிரிவே 2010-ல் வந்ததுதான். 67-க்கு ஒரு விலை, 67 பிளஸுக்குப் பல மடங்கு விலை என்றால் என்ன நடக்கும்? 67 வைத்திருப்பவர் உறையை உடைத்து மறுபடி அனுப்புவார். கிடைக்கவில்லையா, இன்னொரு முறை. ஒருநாள் பிளஸ் விழும்; பட்டியலில் உச்சத்தில் இன்னொன்று ஏறும். உங்கள் நாணயத்தில் எதுவும் மாறியிருக்காது, விலை மட்டும் இறங்கியிருக்கும். தரச்சான்று நிறுவனத்தின் உத்தரவாதம் போலிக்கும் தவறான தரத்துக்கும் உண்டு. சந்தை இறங்கினால் கிடையாது.

மூன்றாவது, வாங்குபவர்கள் யார்? உச்சத் தரத்துக்கு இவ்வளவு கொடுப்பது பெரும்பாலும் பதிவுத் தொகுப்புப் போட்டியில் இருப்பவர்கள்: யாருடைய தொகுப்பின் சராசரித் தரம் உயர்ந்தது என்று இணையத்தில் வரிசைப்படுத்தும் போட்டி. ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்கு அப்படித் தீவிரமாக இருப்பவர்கள் சொற்பம். இருவர் மோதினால் ஏலத்தில் விலை எகிறும். அவர்களில் ஒருவர் வாங்கிவிட்டால் அடுத்த நாணயம் வரும்போது மோத ஆள் இல்லை. இப்படிப்பட்ட நாணயத்துக்குப் பெரிய ஏல விலை ஒன்றைக் கணவர் காட்டினால், அது அநேகமாக இருவர் மோதிய நாளின் விலை. அதே ஆண்டு, அதே தரத்தில் அடுத்தடுத்து விற்றவை என்ன விலைக்குப் போயின என்று ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளில் தேடச் சொல்லுங்கள், இலவசமாகவே கிடைக்கும்.

401கே கடன் இதற்கு வேண்டவே வேண்டாம். வேலை போனாலோ மாறினாலோ, அந்த ஆண்டின் வரி தாக்கல் கெடுவுக்குள் மீதியைக் கட்ட முடியாவிட்டால் அது வருமானமாகக் கணக்காகும். 59½ வயதுக்குக் கீழ் என்றால் பொதுவாக 10 சதவீத அபராதமும் சேரும். அவசரத்துக்கு விற்கப் போனால் இந்த நாணயத்துக்குக் கிடைப்பது விலை அல்ல, வந்தவர் கேட்டது.

இதற்காக அவர் ஆசையையே முடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரியப்பாவின் மடிப்பில் காலியாக இருக்கும் 1932-டி துளைக்கு, மிதமாகத் தேய்ந்த, சான்றுள்ள ஒன்றை வாங்கலாம். அது எண்ணிக்கையிலேயே குறைவானது; சீட்டில் உள்ள எண் ஒன்று ஏறி இறங்கினாலும் தலைகீழாகிவிடாது. செலவும் உங்கள் குடும்பம் தாங்கும் அளவில் இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று: வரியும் காப்பீடும்

'கோடிக்கணக்கில் சொத்து இருந்தால்தானே அமெரிக்காவில் வாரிசு வரி' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கூட்டாட்சி வரிக்கு அது சரி. நியூ ஜெர்சிக்கு அல்ல. இந்த மாநிலம் 2018-ல் எஸ்டேட் வரியை (இறந்தவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்துக்கான வரி) எடுத்துவிட்டது. ஒவ்வொருவர் பெறும் பங்குக்கும் போடும் வாரிசுப் பங்கு வரி இன்னும் இருக்கிறது. மனைவி, பிள்ளைகளுக்கு அது கிடையாது. ஆனால் உடன்பிறந்தாரின் பிள்ளைகள் 'டி' வகுப்பில் வருகிறார்கள்: முதல் 7 லட்சம் டாலர் வரை 15 சதவீதம், விலக்கு 500 டாலருக்குக் கீழ் உள்ள பங்குக்கு மட்டும். காலமான நாளிலிருந்து எட்டு மாதத்துக்குள் கணக்குக் காட்டிக் கட்ட வேண்டும். உங்களுக்கு மூன்று மாதம்தான் மிச்சம். உயிலை நிறைவேற்றுபவரிடம் நாணயங்கள் கணக்கில் வந்தனவா என்று இந்த வாரமே கேளுங்கள்.

இதற்கும் சேர்த்துத்தான் எழுத்து மூலமான மதிப்பீடு வேண்டும். பெரியவர் காலமான தேதியில் சந்தை மதிப்பு என்ன என்பது அதில் இருக்க வேண்டும். பின்னாளில் விற்கும்போது லாபம் அந்த மதிப்பிலிருந்துதான் கணக்கிடப்படும், அவர் 1963-ல் கொடுத்த 25 சென்டிலிருந்து அல்ல. சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால லாபத்துக்குக் கூட்டாட்சி வரி அதிகபட்சம் 28 சதவீதம். சிலர் வாரிசு வரிக்காக மதிப்பைக் குறைத்துக் காட்டிவிட்டு விற்கும்போது விழிப்பார்கள். உள்ளதை உள்ளபடி போடுங்கள்.

வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். வழக்கமான ஒப்பந்தங்களில் பணம், நாணயம், வெள்ளி எல்லாவற்றுக்கும் சேர்த்து இழப்பீடு 200 டாலர்தான் என்று ஒரு மூலையில் இருக்கும். வங்கி லாக்கரில் வைத்தாலும் உள்ளே இருப்பதற்கு வைப்புத்தொகைக் காப்பீடு பொருந்தாது. மதிப்பீடு கையில் வந்ததும் தனிச் சேர்க்கை ஒன்று எடுத்துவிடுங்கள்.

அந்தத் தொலைபேசிக்காரர் மறுபடி அழைத்தால் கணவரை இரண்டே கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். சான்று எண் என்ன? வாங்கிய மறுநாளே உங்களிடம் திருப்பி விற்றால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள், அதை மின்னஞ்சலில் எழுதித் தருவீர்களா? எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டால் நாணயத்தின் விவரமும், பலவற்றுக்குப் படமும் வரும். போலி உறைகளில் உண்மையான எண்ணை அச்சிடுவதும் நடப்பதால் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இரண்டாவது கேள்விக்கு எழுத்தில் பதில் வருவது வரை பணம் அனுப்ப வேண்டாம்.